ஏரிக்கரை காத்தவர்கள்: தொண்டை மண்டலத்து மண் அணைகளின் வரலாறு

பாலாற்றின் இருபுறமும் பரந்து கிடக்கும் நிலப்பகுதி பண்டை நாளிலிருந்து தொண்டை மண்டலம் என்று அழைக்கப்பட்டு வருகிறது. இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், இராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் பெரும்பகுதி இதனுள் அடங்கும். இப்பகுதியின் அடையாளம் ஏரி. செங்கல்பட்டு வட்டாரத்தை இன்றும் ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள்.

பொறியியல் நோக்கில் பார்த்தால் ஒவ்வோர் ஏரிக்கரையும் ஒரு சிறிய மண் அணையே ஆகும். மழைக்காலத்தில் ஓடிவரும் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்துவது, பின்னர் அதே நீரை வயலுக்குக் கொடுப்பது ஆகிய இரண்டு வேலைகளை அது செய்கிறது. மேட்டூர், பக்ரா நங்கல் போன்ற பெரிய அணைகளைப் பற்றி மாணவர்கள் பாடநூல்களில் படிக்கிறார்கள். தங்கள் ஊரிலேயே இருக்கும் சிறிய அணை எப்படி வேலை செய்கிறது, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எப்படி நிலைத்தது, பிறகு ஏன் நலிந்தது என்பதை அவ்வளவாகப் படிப்பதில்லை. மண்ணால் ஆன கரை தானாக நிற்பதில்லை. அதைக் காக்கும் பொறுப்பு எந்தக் காலத்தில் யாரிடம் இருந்தது என்பதைப் பின்தொடர்ந்தால் ஏரியின் வரலாறு விளங்கும். அந்த வழியிலேயே இக்கட்டுரை செல்கிறது.

நிலமும் மழையும்

தொண்டை மண்டலத்தில் காவிரியைப் போல நீண்ட நாள் நீர் ஓடும் ஆறு இல்லை. பாலாறு, செய்யாறு, கொற்றலையாறு, ஆரணியாறு, அடையாறு ஆகியவை மழை பெய்தால் பெருகும். மழை நின்ற சில வாரங்களில் மணலாகிவிடும். ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் தோன்றும் தாழ்வு மண்டலமும் புயலும் இரண்டு மூன்று நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும்.

ஆக இங்கு வாழ்ந்த மக்களுக்கு இரண்டு தொல்லைகள் இருந்தன. மழை பெய்யும்போது வெள்ளம், பெய்யாதபோது வறட்சி. இரண்டுக்கும் ஒரே மருந்தாக அவர்கள் கண்டதுதான் ஏரி. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்ணைக் குவித்துக் கரை எழுப்பினால் மேட்டிலிருந்து வரும் நீர் அங்கே தங்கும். ஓர் ஏரி நிரம்பினால் அதன் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இவ்வாறு ஒன்றோடொன்று தொடுத்த ஏரிகளைத் தொடர் ஏரிகள் அல்லது ஏரிச் சங்கிலி என்பர்.

இதே அமைப்பு மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் கண்மாய் என்றும், திருநெல்வேலியில் குளம் என்றும், சிறியதாக இருந்தால் தாங்கல், ஏந்தல் என்றும் வழங்கும். தமிழ்நாடு முழுவதும் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய 39,000 என்பது அரசுக் கணக்கு.

கரையின் உறுப்புகள்

ஏரிக்கு மூன்று பக்கம் கரை இருக்கும். நான்காவது பக்கம் நீர் வரும் திசையை நோக்கித் திறந்திருக்கும். நீர் தேங்கும் உட்பகுதி உள்வாய். நீரைக் கொண்டுவரும் கால்வாய் வரத்துக்கால். ஏரியால் பாசனம் பெறும் நிலம் ஆயக்கட்டு.

கரைக்குக் களிமண் கலந்த மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அடிப்பகுதி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருக்கும். உட்புறச் சரிவில் அலை அடித்து மண் கரையாமலிருக்கக் கல் பதிப்பார்கள். கரையின் மேல் பனை வைப்பது வழக்கம். பனையின் நார்வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆல், அரசு போன்ற மரங்களின் பெருவேர் கரைக்குள் புகுந்து, பின்னர் பட்டுப்போனால் அந்த வழியே நீர் கசியத் தொடங்கும்.

வயலுக்கு நீர் விடும் வாய் மதகு அல்லது மடை. பழைய ஏரிகளில் இதற்குத் தூம்பு என்று பெயர். கரையின் அடியில் கல்லால் ஆன நீர்வழி இருக்கும். அதன் வாயில் துளையிட்ட கல்லும், துளையை அடைக்கும் நீண்ட அடைப்பும் இருக்கும். அடைப்பைத் தூக்கினால் நீர் போகும், இறக்கினால் நிற்கும். சில குமிழித் தூம்புகளில் நீர் போவதற்கு ஒரு துளையும், அடியில் படியும் சேறு போவதற்கு வேறு துளைகளும் அமைத்திருக்கிறார்கள். சேறோடி என்று அதற்குப் பெயர்.

இந்த உறுப்புகள் எல்லாவற்றிலும் குறைவாகக் கவனிக்கப்படுவதும், ஏரியின் உயிர் நிற்பதும் கலங்கலில்தான். ஏரி நிரம்பியபின் மிகையான நீர் வழிந்து போவதற்காகக் கரையின் ஓரத்தில் கெட்டியான தரை பார்த்துக் கல்லால் கட்டிய தாழ்வான பகுதி கலங்கல். கலிங்கல், கலிங்கு என்றும் சொல்வதுண்டு. சென்னை மாகாணத்து ஆங்கிலேயப் பொறியாளர்கள் இச்சொல்லையே திரித்துத் தங்கள் நூல்களில் எழுதினார்கள்.

கலங்கல் ஏன் தேவை: ஒரு கணக்கு

மண் அணையின் முதல் எதிரி அதன் மேல் வழியும் நீர். கல்லணையின் மேல் நீர் வழிந்தால் அணைக்குத் தீங்கில்லை. மண் கரையின் மேல் ஓரிடத்தில் ஒரு சாண் நீர் வழிந்தாலும் அது மண்ணை அரித்துப் பள்ளம் பறிக்கும். பள்ளம் ஆழமாக ஆக நீரின் வேகம் கூடும். சில மணி நேரத்தில் கரை உடைந்து, தேங்கிய நீர் முழுவதும் ஊருக்குள் பாயும்.

மாணவர்கள் எளிதில் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு இது. ஓர் ஏரிக்கு 25 சதுர கிலோமீட்டர் நீர்பிடிப்புப் பரப்பு இருப்பதாகக் கொள்வோம். ஒரே இரவில் 12 மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. பெய்த நீர் 25 லட்சம் கன மீட்டர். அதில் பாதி மண்ணில் ஊறிவிட்டாலும் 12.5 லட்சம் கன மீட்டர் ஏரிக்கு வந்து சேரும். ஏரியின் நீர்ப்பரப்பு 1 சதுர கிலோமீட்டர் என்றால், வெளியேற வழியில்லாதபோது நீர்மட்டம் 1.25 மீட்டர் உயரும். ஏரி ஏற்கெனவே நிரம்பியிருந்து, கரை நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் மட்டுமே உயர்ந்திருந்தால் கரை தப்பாது.

இப்போது கலங்கலைச் சேர்ப்போம். அந்த 12 மணி நேரத்தில் வரும் நீர் சராசரியாக விநாடிக்கு 29 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,000 கன அடி. கலங்கலின் மேல் அரை மீட்டர் உயரத்துக்கு நீர் வழிந்தால் கலங்கலின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் விநாடிக்கு ஏறக்குறைய 0.6 கன மீட்டரை வெளியேற்றும். ஆகவே சுமார் 50 மீட்டர் நீளக் கலங்கல் இருந்தால் கரை பிழைக்கும். அந்தக் கலங்கலில் பாதி மண்ணும் புதரும் அடைத்துக் கிடந்தால் அதே நீர் வெளியேற ஏறக்குறைய 0.8 மீட்டர் உயர வேண்டும். அப்போது கரைக்கு மிஞ்சும் பாதுகாப்பு 0.2 மீட்டர்தான். அடைபட்ட கலங்கல் எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இதே கணக்கு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. மழை வரும்போது ஏரியில் 1.25 மீட்டர் இடம் காலியாக இருந்திருந்தால் அந்த வெள்ளம் முழுவதையும் ஏரியே விழுங்கியிருக்கும். வெள்ளத்தைத் தடுக்க ஏரி காலியாக இருக்க வேண்டும்; பாசனத்துக்கு அது நிறைந்திருக்க வேண்டும். ஒரே கரை இரண்டு வேலையும் செய்வதில் உள்ள சிக்கல் இதுவே.

நம் முன்னோர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். பழைய கலங்கல்களின் மேல் குத்துக்கற்கள் இடைவெளி விட்டு வரிசையாக நடப்பட்டிருப்பதைக் காணலாம். பருவமழையின் தொடக்கத்தில் இந்த இடைவெளிகள் திறந்திருக்கும். வெள்ளம் தடையின்றி வெளியேறும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றில் மண்ணும் புல்கரணையும் வைக்கோலும் வைத்து அடைத்து இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்குவார்கள். மீண்டும் பெருமழை வந்தால் அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். எப்போது அடைப்பது, எப்போது பிடுங்குவது என்பதை முடிவு செய்ய ஓர் ஆள் தேவை. அவர் சொல்லை ஊர் கேட்கவும் வேண்டும். எனவே ஏரியைக் கட்டியபோதே அதை நடத்தும் ஏற்பாட்டையும் செய்ய வேண்டியிருந்தது.

சங்கப் பாடல்களும் பல்லவர் ஏரிகளும்

நீரைத் தேக்குவது அரசனின் கடமை என்னும் எண்ணம் மிகப் பழையது. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, பள்ளமான இடங்களில் நீர்நிலைகளைப் பெருக்குமாறு அறிவுரை கூறுகிறார். 118ஆம் பாடலில் கபிலர் பாரியின் பறம்பு நாட்டில் இருந்த ஒரு சிறு குளத்தைக் குறிப்பிடுகிறார். அதன் வளைந்த கரையை எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிடும் அவர், பாரி மறைந்தபின் அக்குளம் உடைந்து போவதை எண்ணி வருந்துகிறார். பறம்பு பாண்டிய நாட்டை ஒட்டியது என்றாலும் அப்பாடல் சொல்லும் உண்மை எல்லா ஊருக்கும் பொருந்தும். காப்பவன் போனால் கரையும் போகும்.

தொண்டை மண்டலத்தில் ஏரி வெட்டியதற்கான கல்வெட்டுச் சான்றுகள் பல்லவர் காலத்திலிருந்து கிடைக்கின்றன. இராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். அக்கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்தது என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றும் அரசனின் பெயரையே தாங்கின.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு பரமேசுவர தடாகம் என்னும் ஏரியைக் குறிப்பிடுகிறது. பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த கால்வாய்க்குப் பெரும்பிடுகு என்று பெயர். உத்தரமேரூரின் வயிரமேக தடாகமும் பல்லவர் காலத்ததே. இவற்றிலிருந்து அக்காலத்திலேயே மழைநீரை மட்டும் நம்பிய ஏரிகளும், ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி நிரப்பிய ஏரிகளும் இருந்தமை தெரிகிறது.

உத்தரமேரூர் ஏரி வாரியம்

ஏரியைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதற்கு மிகத் தெளிவான சான்று உத்தரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. தேர்தல் முறைக்காகவே இவை புகழ்பெற்றவை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியமானது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராக 30 பேர் குடவோலையால் தேர்வாயினர். இவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டு வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பதவிக்காலம் 360 நாள். ஆண்டு வாரியத்துக்குச் செல்பவர் முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஏரி வேலை தெரியாதவர் ஊர்ப் பொறுப்பின் மேல்படிக்கு வர முடியாது என்பது இதன் பொருள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வாக முடியாது.

இந்த ஏற்பாட்டின் எல்லையையும் சொல்ல வேண்டும். உத்தரமேரூர் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆண்கள் மட்டுமே தேர்வுக்குத் தகுதி பெற்றனர். ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

பராமரிப்புக்குப் பணம் வரும் வழியும் வகுக்கப்பட்டிருந்தது. ஏரியின் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி. ஏரிக்காக வாங்கிய வரி ஏரி ஆயம். தனியார் கொடுத்த பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியில் குழி குத்தி, ஓடத்தில் மண் ஏற்றிக் கரையில் கொட்டுவதற்கு ஏற்பாடு செய்த கல்வெட்டுகளும் உண்டு. வண்டலை எடுத்தால் ஏரி ஆழமாகும், அதே மண் கரையை உயர்த்தும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

போருமாமிள்ளை தரும் இலக்கணம்

நல்ல ஏரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் இலக்கணமே கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. தொண்டை மண்டலத்துக்கு வடக்கே, ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்துப் போருமாமிள்ளையில் பொ.ஆ. 1369ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. விசயநகர மன்னர் முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரன் அங்கு ஏரி கட்டியதை அது கூறுகிறது. நாளொன்றுக்கு 1,000 பேர் வேலை செய்தார்கள். மதகுக்கும் சுவருக்கும் கல் ஏற்றிவர 100 வண்டிகள் ஓடின. வேலை இரண்டு ஆண்டில் முடிந்தது.

நல்ல ஏரிக்கு வேண்டிய 12 உறுப்புகளையும், ஏரிக்கு வரக்கூடிய 6 குற்றங்களையும் அக்கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது. கரையில் நீர் கசிதல், உவர் நிலம், இரு நாட்டு எல்லையில் அமைதல், உள்வாயின் நடுவே மேடு இருத்தல், நீர் குறைந்து ஆயக்கட்டு மிகுதல், ஆயக்கட்டு குறைந்து நீர் மிகுதல் ஆகியவையே அந்த ஆறு. இன்றைய பொறியாளரும் இப்பட்டியலை மறுக்கமாட்டார். மூன்றாவது குற்றம் சிந்திக்கத் தக்கது. இரு அரசுகளின் எல்லையில் உள்ள ஏரிக்கு மண் வளம் குறைவதில்லை, நீர் குறைவதில்லை. பொறுப்பு ஏற்பவர் யார் என்பதுதான் அங்கே குழப்பம்.

மதுராந்தகமும் கும்பினி கலெக்டரும்

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி மதுராந்தகம் ஏரி இருக்கிறது. மதுராந்தகன் என்று பெயர் பெற்ற உத்தம சோழன் காலத்தோடு இதைத் தொடர்புபடுத்துவது வழக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரியான இதன் கொள்ளளவு ஏறத்தாழ 69 கோடி கன அடி. கிளியாறும் சில ஓடைகளும் நீர் கொண்டுவருகின்றன. உபரி நீர் கிளியாற்றின் வழியே பாலாற்றை அடைகிறது.

1763இல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் இப்பகுதி பேரழிவுக்கு உள்ளானது. ஊர்கள் காலியாயின. ஆளில்லாத ஊரில் ஏரிக்கரையைப் பார்ப்பார் யார்? 1790களில் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்ப்பதில் அக்கறை காட்டினார். ஏரி நிரம்பினால்தான் நெல் விளையும், நெல் விளைந்தால்தான் வரி வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மதுராந்தகம் கோதண்டராமர் கோயிலில் வழங்கும் கதை இவரைப் பற்றியதே. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஏரி உடைந்து வந்தது. கோயிலில் தாயார் சந்நிதி கட்ட உதவுமாறு ஊரார் கேட்டபோது, உங்கள் கடவுள் இந்த ஏரியைக் காக்கட்டும், பிறகு கட்டித் தருகிறேன் என்றாராம் பிளேஸ். 1798ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, கரை உடையப் போகிறது என்று அஞ்சிப் பார்க்கச் சென்றவருக்கு, வில்லேந்திய இருவர் கரையின் மேல் நடந்து காவல் காப்பது போல் தெரிந்ததாம். கரை உடையவில்லை, சந்நிதி எழுந்தது. அது கலெக்டர் பிளேஸின் தருமம் என்னும் கல்வெட்டு இன்றும் சந்நிதியில் இருக்கிறது. இராமருக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர் நிலைத்தது.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வரலாற்று மாணவருக்கு அதில் வேறொரு செய்தி உண்டு. பெருமழை இரவில் கரையின் மேல் ஆள் நடந்தாக வேண்டும் என்பதை அக்கதை மறக்காமல் வைத்திருக்கிறது. எங்கே கசிகிறது, எங்கே கரை உள்வாங்குகிறது, எலி வளையோ நண்டு வளையோ எங்கே பெரிதாகிறது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டால் நாலு கூடை மண்ணால் அடைத்துவிடலாம். விடிந்தபின் கண்டால் ஊரே திரண்டாலும் முடியாது.

மேரை, குடிமராமத்து, சட்டம்

மனிதக் காவலர்களுக்கும் பெயர்கள் இருந்தன. மடையைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீர் பங்கிட்டு, கரையைச் சுற்றி வந்தவரை நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன், கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் வேறு பெயரால் அழைத்தனர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த இவர்களுக்கு விளைச்சலில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது. களத்தில் நெல்லை அளக்கும்போதே அரசுக்கும் உழவருக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னர் இப்படிப் பொதுச் செலவுகளுக்கு எடுத்து வைத்த பங்கு மேரை எனப்பட்டது. தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் 2,000க்கும் மேற்பட்ட ஊர்களை அளந்து எடுத்த கணக்குகளில் இத்தகைய பங்குகள் விரிவாகப் பதிவாகியுள்ளன. கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தச்சருக்கும் இருந்தது போலவே ஏரிக்கும் ஒரு பங்கு இருந்தது.

இதனுடன் ஊரார் ஆண்டுக்கொரு முறை தாமே இறங்கி வரத்துக்காலைத் தூர்வாரி, கரையைச் சீராக்கிய வழக்கம் குடிமராமத்து. குடிகள் செய்யும் மராமத்து என்பது பொருள். எல்லோரும் மனமுவந்து செய்த வேலை என்று இதை மிகைப்படுத்துவது சரியாகாது. நிலம் உடையவர் ஆளை அனுப்புவார். மண் சுமந்தவர் பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்கள். ஆனாலும் வேலை நடந்தது.

19ஆம் நூற்றாண்டில் இரயத்துவாரி முறை பரவியபோது அரசு ஒவ்வோர் உழவரிடமும் நேரடியாகப் பணமாக வரி வாங்கத் தொடங்கியது. ஊரின் பொதுப் பங்குகள் படிப்படியாக அரசு வருவாயில் கரைந்தன. மானியங்கள் பல திரும்பப் பெறப்பட்டன. ஏரியின் வருமானம் அரசுக்குப் போனது. ஏரி வேலை மட்டும் ஊராரிடம் தங்கியது. இது நெடுநாள் நிற்கக்கூடிய ஏற்பாடன்று. குடிமராமத்து தளர்ந்ததும், 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து அதை வற்புறுத்தப் பார்த்தார்கள். வழக்கமாக நடந்து வந்த வேலை சட்டத்தால் மீளவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1880களில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்று தொடங்கி, ஏரி ஏரியாக அளந்து பழுது பார்த்தனர். அதனால் நன்மை விளைந்தது உண்மை. ஆனால் ஏரி இனி சர்க்கார் சொத்து என்னும் எண்ணமும் அத்துடன் வேரூன்றியது.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. ஒரே சங்கிலியில் மேல் ஏரி ஒரு துறையிடமும் கீழ் ஏரி வேறு துறையிடமும், இடையிலுள்ள நிலம் வருவாய்த் துறையிடமும் இருப்பது சாதாரணம். போருமாமிள்ளைக் கல்வெட்டின் மூன்றாவது குற்றம் இங்கே வேறு உருவில் திரும்பி வந்தது.

அடுத்து மின்சாரமும் பம்புசெட்டும் வந்தன. சொந்தக் கிணறு உள்ள உழவருக்கு ஏரி மடை திறக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவருடைய கிணற்றில் ஊறுவதும் ஏரி நீர்தான் என்பது மறந்துபோனது. 1960களில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேர் நிலம் ஏரிப் பாசனம் பெற்றது. அண்மைக் காலத்தில் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது.

உள்வாயில் பட்டா இல்லாமல் பயிர் செய்பவர் ஏரி நிரம்பக்கூடாது என்று கலங்கலை உடைப்பார். ஆயக்கட்டு உழவர் இன்னும் நீர் வேண்டும் என்று கலங்கலின் மேல் சிமென்ட் பூசி உயர்த்துவார். இரண்டு செயலும் ஊரில் நடப்பவைதான். முன்னது பாசனத்தைக் கெடுக்கிறது. பின்னது கரையை ஆபத்தில் தள்ளுகிறது. இருவருக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்லும் ஏரி வாரியம் இப்போது இல்லை.

நகரத்தில் நிலைமை இன்னும் மோசம். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த ஏரி மறைந்து, ஏரிப்பகுதி என்ற பெயரும் ஏரிக்கரைச் சாலை என்ற பெயரும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. 2015 டிசம்பர் 1ஆம் நாள் பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பது பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. அந்த விவாதம் நியாயமானதே. அதே இரவில் பெயர் தெரியாத பல சிறிய ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில்தான் சேர்ந்தது. அந்த நீர் போக வேண்டிய கால்வாய்களின் மேல் வீடும் சாலையும் வந்துவிட்டபடியால் அது தெருவழியே போயிற்று.

மீட்பு முயற்சிகளும் நடக்கின்றன. நீர்ப்பாசன அமைப்புகளை உழவர் நிர்வகிப்பதற்கான சட்டம் 2000இலும், ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007இலும் வந்தன. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசுத் திட்டம் தொடங்கியது. தூர்வாருவது நல்லது. ஆனால் ஒரு முறை தூர்வாரிய ஏரி அடுத்த சில மழைக்காலங்களில் மீண்டும் தூர்ந்துவிடும். ஆண்டுதோறும் பார்க்கும் ஆள் இல்லாமல் செலவிடும் பணம் வண்டலோடு போய்விடும்.

மாணவர் செய்யக்கூடியது

கோடை விடுமுறையில் உங்கள் ஊர் ஏரியை ஒரு நாள் சுற்றி வாருங்கள். கரையின் நீளத்தை அடி வைத்து அளக்கலாம். மதகுகள் எத்தனை, அவற்றில் எத்தனை மூடித் திறக்கின்றன என்று குறித்துக்கொள்ளலாம். பிறகு கலங்கலைக் கண்டுபிடியுங்கள். அதன் நீளத்தையும், கரை உச்சிக்கும் கலங்கலுக்கும் உள்ள உயர வேறுபாட்டையும் அளந்து, மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். கலங்கலிலிருந்து உபரிநீர் போகும் கால்வாயை அடுத்த ஏரி வரை நடந்து பாருங்கள். வழியில் எது குறுக்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். ஊரில் மூத்தவர்களிடம் கடைசியாக மடை திறந்து மூடியவர் யார் என்று கேட்டு, அவர் உயிருடன் இருந்தால் அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.

வரைபடத்தை ஊராட்சி மன்றத் தலைவரிடம் ஒரு படி கொடுங்கள். கிராம சபைக் கூட்டம் நடக்கும் நாளில் அதை அங்கே விரித்து வைக்கச் சொல்லுங்கள். அக்டோபர் மழைக்கு முன் கலங்கலையும் கால்வாயையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தால், ஏரி வாரியம் செய்த வேலையின் முதல் படி மீண்டும் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.